தம்பிப்பிள்ளை யோகமலர் பரீட்சையில் தேறியவர்

செய்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரி வாட்டில் காலை மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நீர்வேலியிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நிற்கிறார் என்று அற்றெண்டன்ற் வந்து சொன்னார். நீர்வேலியிலிருந்து என்னைத் தேடி வருகிறவர் ஒரே ஒருவர்தான். கையில் இதரை வாழைப்பழச் சீப்போடு யோகமலர் அக்கா நிற்பார், இன்றைக்கு என்ன இவ்வளவு வெள்ளென வந்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் போனேன். நின்றவர் அவருடைய தம்பி குகன். சைக்கிளை ஸ்ராண்டில் விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சறோ அக்கா, அக்கா போட்டா" என்றார்.

"எங்கை போட்டா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கிழமைக்கு இரண்டு சாவு பார்க்கிற உத்தியோகம் என்னுடையது. ஆனாலும் அந்தச் சொல் அவருக்குப் பொருந்தும் என்று என் மூளைக்கு எட்டவில்லை. குகன் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

மூன்று நாள் காய்ச்சலாம். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் கொத்தமல்லி அவித்துக் குடித்திருக்கிறார். மூன்றாம் நாள் பிதற்றத் தொடங்கியதும், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருக்கிறார்கள். கோப்பாய் தாண்டமுன் மூச்சு நின்றுவிட்டது. மலேரியா தலைக்கு ஏறிவிட்டது என்று பின்னர் வைத்தியர் சொன்னாராம். அவருக்கு முப்பது வயது.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் இந்த நினைவு மலரில் எழுதும்படி அவருடைய தந்தையார் தம்பிப்பிள்ளை ஐயா என்னைக் கேட்டார். மலரில் எழுதுகிறவர்கள் இறந்தவரின் நற்குணங்களை அடுக்குவது வழக்கம். எனக்கு அது சரிவராது. யோகமலர் அக்கா பிடிவாதக்காரி. கோபம் வந்தால் இரண்டு கிழமை கதைக்கமாட்டார். தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டுவிட்டு ஒன்றுதான் போட்டேன் என்பார், உலகத்தில் அவர் சொன்ன ஒரே பொய் அது என்று நான் பகிடி பண்ணுவதுண்டு. இன்னொரு பொய்யும் சொன்னார். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் நேர்ஸிங் சோதினையில் கோட்டை விட்டவர் என்று ஆறு வருடமாக ஊர் நம்புகிறது. அந்தக் கதையைப் பரப்பியவர் அவரேதான். அதற்குக் காரணம் நான். அந்தப் பிழையை ஊரறியத் திருத்தாமல் அவரை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் சந்தித்தது சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்து வாசிகசாலையில். எண்பத்தொன்பதாம் ஆண்டு. தாதிமார் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், அரசாங்கக் கெசற்றில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். கெசற் இருந்தது. அந்தப் பக்கத்தைக் காணவில்லை. பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஆரோ படிச்ச கழுதை கிழிச்சுக்கொண்டு போட்டுது" என்று ஏசிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கழுதை நான்தான்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

நெடுத்த ஒரு பெண். சட்டையெல்லாம் வாழைக்கயர்க் கறை. கையில் மடித்த ஒரு தாள், மறு கையில் சிரட்டையில் கோதுமைமாப் பசை. "குலை இறக்கிப்போட்டு அவதியிலை வந்தனான், நிண்டு எழுத நேரம் காணேல்லை. பிழைதான். ஒட்டித்தாறன்" என்று சொல்லி, பொறுப்பாளரின் முகத்தைப் பாராமல் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினார். ஒட்டி முடித்து ஊதிக் காயவைத்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் உதுக்கே போடப்போறாய்?"

"ஓம்."

என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். "நாலடி பத்து இஞ்சி உயரம் வேணுமாம். இருப்பியே?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் நாலடி ஒன்பதே முக்கால்.

அவருக்கு அப்போது இருபத்துநாலு, எனக்கு இருபது. நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் நின்றவள். அவரோ தாயார் படுக்கையில் விழுந்ததால் படிப்பை விட்டவர். தாயார் ஏழு மாதம் கிடையில் கிடந்து காலமானார். அந்த ஏழு மாதமும் முதுகில் புண் வராமல் பார்த்தது இவர்தான். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, கிடையில் கிடப்பவரை எப்படிப் புரட்டுவது என்று ஒரே ஒரு தரம் செய்து காட்டினாராம். "ஒரு ஆளைப் புரட்டிறதுக்கும் ஒரு முறை இருக்கு, சறோ. தெரியாமல் அம்மாவை எத்தினை நாள் நோகப்பண்ணிப்போட்டன். இன்னும் என்னென்ன முறையெல்லாம் இருக்குமெண்டு அறியவேணும்" என்பார். தாதியாக வேண்டும் என்று பலர் பல காரணம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன காரணத்தை வேறு யாரும் சொன்னதில்லை.

வயதெல்லைக்கு அவர் விளிம்பில் நின்றார். இந்தமுறை தவறினால் மறுமுறை விண்ணப்பிக்க முடியாது. அதனால் கிழமையில் நாலு நாள் நான் சுன்னாகத்திலிருந்து நீர்வேலிக்குச் சைக்கிளில் போனேன். வழியில் இரண்டு சோதனைச் சென்றி. இறங்கி உருட்டி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி மிதித்துப் போய்ச் சேரும்போது அவர் வாய்க்காலில் நிற்பார்.

அவருக்கு மேசையில் இருந்து படிக்க நேரமில்லை. காலையில் வாழைக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். கிணற்றடியில் தண்ணீர்ப் பம் ஓடும், ஐயா அதைப் பார்த்துக்கொள்வார். தண்ணீரை ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் வெட்டி அடுத்த பாத்திக்கு மாற்றிவிடுவது அக்காவின் வேலை. ஒரு பாத்தி நிரம்ப நாலைந்து நிமிடம் எடுக்கும். அந்த நாலைந்து நிமிடம்தான் எங்கள் பள்ளிக்கூடம். நான் வரம்பில் குந்தியிருந்து கேள்வி கேட்பேன். தண்ணீர் பாத்தி நிரம்பமுன் மறுமொழி வரவேண்டும். வராவிட்டால் தண்ணீர் மாறக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

"இதயத்திலை எத்தினை அறை?"

"நாலு."

"மேலை ரெண்டுக்கும் பேர்?"

மறுமொழி வராது. தண்ணீர் நிரம்பும். வரம்பு உடைக்கப் பார்க்கும். மண்வெட்டியை ஓங்கியபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கிணற்றடியிலிருந்து ஐயாவின் குரல் வரும்: "உந்தப் படிப்பிலை என்ரை வாழை அழுகப்போகுது."

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்று கத்திவிட்டு, "சோணை. சோணையறை" என்று சொல்லி ஒரே வெட்டு. தண்ணீர் பாய்ந்து ஓடும். முகத்தில் சேறு தெறித்திருக்கும், சிரிப்பார். நெஞ்சாங்கூட்டு எலும்புகளை வாழைக்குலையின் சீப்புப்போல மேலிருந்து எண்ணிச் சொல்லுவார். மூன்று மாதத்தில் அவரை மடக்க எனக்குக் கேள்வி இல்லாமல் போனது. நான் படிப்பித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் திருப்பிக் கேட்ட கேள்விகளுக்குப் பயந்துதான் நான் ஒழுங்காகப் படித்தேன். ஊர் உலகத்தில் நடப்பது பற்றிய பொதுஅறிவுக் கேள்விகளில் நான் சுத்தச் சூனியம். அவரோ சந்தையில் சாமான் சுற்றிவரும் பழைய பேப்பரையெல்லாம் விரித்து வாசிக்கிறவர்.

என் கால் அங்குலக் கவலையை அவர் தன் கவலையாகவே எடுத்துக்கொண்டார். பம் வைத்திருக்கும் கொட்டிலின் கதவு நிலையில் பென்சிலால் நாலடி பத்தில் ஒரு கோடு கீறி, ஒவ்வொரு கிழமையும் என்னை நிறுத்திப் பார்ப்பார். ஒருநாள் தற்செயலாக நான் விடியப்பறம் எழும்பியவுடன் வீட்டில் அளந்துவிட்டு, நாலடி பத்து இருந்தது என்று வந்து சொன்னேன். அவர் அதை விடவில்லை. ஒரு கிழமையாகக் காலையும் பின்னேரமும் தன் உயரத்தையும் குகனின் உயரத்தையும் அளந்து பார்த்துவிட்டு, "படுத்தெழும்பினவுடனை ஆக்கள் உயரம். நிக்க நிக்கக் குறையினம். அப்ப இன்ரவியூ அண்டைக்கு நீ நிக்கக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். அது உண்மை என்று பின்னர் பாடப் புத்தகத்தில் படித்தேன். முள்ளந்தண்டின் இடைவட்டுகள் அமுங்குவதுதான் காரணம். அவர் புத்தகமில்லாமலே கண்டுபிடித்தார்.

இனி நான் சொல்ல விரும்பாத பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துக் கலியாணம் இரண்டு தரமாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் பதிவுகாரர் வீட்டுக்கு வந்து இருவரிடமும் கையெழுத்து வாங்குவார். அதை எழுத்து என்கிறோம். பிறகு நாள் பார்த்துத் தாலி. இடையில் ஆறு மாதமும் போகலாம், ஆறு வருடமும் போகலாம். தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள், ஊருக்கு அவள் குமர்ப்பிள்ளைதான். அக்காவுக்கு அதற்கு முந்திய வருடம் எழுத்து முடிந்திருந்தது. மாப்பிள்ளை வெளிநாடு போக நின்றவர். எழுத்தை முடித்துவிட்டுப் போனால் பிறகு கூப்பிட வசதி என்று இரு வீட்டாரும் பேசினார்கள். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. பதிவுகாரர் விரல் வைத்த இடத்தில் அக்கா கையெழுத்து வைத்தாராம், என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லையாம். வந்தவர்களுக்கு றவைக் கேசரியும் தேநீரும். எட்டாம் நாள் மாப்பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டார்.

தாதிப் பயிற்சிக்கு மணமாகாதவர்களைத்தான் எடுப்பார்கள். என் கையெழுத்து வடிவு என்று இரண்டு விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன், பம் கொட்டிலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து. விவாக நிலை என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

"எனக்கு என்ன போடுறது?" என்று கேட்டார்.

"தாலி ஏறேல்லைத்தானே. மணமாகாதவர்."

"பதிவுகாரற்றை புத்தகத்திலை கையெழுத்து வைச்சனான், சறோ."

"அது வீசாவுக்கு வைச்சது. ஊரிலை ஆரும் உங்களைக் கலியாணம் முடிச்ச ஆளெண்டு சொல்லுகினமே?"

யோசித்தார். "ஓம், சொல்லுறேல்லைத்தான். என்னிலும் பாக்க நீ படிச்சனி. சரியெண்டால் போடு" என்றார். போட்டேன்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. அதை இங்கே மறைக்கப்போவதில்லை. பதிவுகாரரின் வீடு சைக்கிளில் பத்து நிமிடம். கேட்டிருக்கலாம். கேட்டால் வேறு மறுமொழி வந்துவிடும் என்ற பயத்தில் கேட்கவில்லை. அவர் இல்லாமல் அந்தச் சோதினைக்கு, அந்த விடுதிக்கு, அந்த மூன்று வருடத்துக்குத் தனியே போக நான் விரும்பவில்லை. அவருடைய நன்மைக்காக எழுதினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அவர் வேண்டும், அதனால் எழுதினேன்.

சோதினை எழுதினோம். இரண்டு மாதத்தால் நேர்முகத்துக்கு அழைத்து இருவருக்கும் கடிதம் வந்தது. அக்கா தன் கடிதத்தை வீட்டில் காட்டவில்லை. "இடங் கிடைச்சாப் பிறகு ஐயாவுக்குச் சொல்லுவம். இடையிலை சொன்னால் கண்படும்" என்றார். நேர்முகத்தன்று பம்முக்குச் சாமான் வாங்கப் பட்டினத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வெளிர்நீல வொயில் சேலையை எங்கள் வீட்டில் வந்துதான் உடுத்தார். என்னைக் கரியரில் ஏற்றி அவரே மிதித்தார். நான் மிதித்தால் குறைந்துவிடுவேனாம்.

நேர்முகம் பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். விறாந்தையில் இருப்பதற்கு நீட்டு வாங்குகள் போட்டிருந்தன. அக்கா ஒரு வாங்கில் பேப்பர் விரித்து, "படு" என்றார். சேலை உடுத்த அறுபது பெண்களுக்கு நடுவே நான் மல்லாந்து படுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. "சிரிக்கிறவை சிரிக்கட்டும், அவைக்கு உயரம் காணும்" என்று சொல்லித் தலைமாட்டில் காவலுக்கு நின்றார். ஒன்றரை மணித்தியாலம் அப்படிக் கிடந்தேன். ஓடு, வளை, அக்காவின் சேலைக் கரை, இவைதான் எனக்குத் தெரிந்தவை.

"தம்பிப்பிள்ளை யோகமலர்" என்று கூப்பிட்டார்கள்.

கால்மணி நேரத்தில் வெளியே வந்தார். நான் எழும்பப் போனேன். என் தோளில் கையை வைத்து அமத்தினார்.

"எழும்பாதை. உன்ரை பேர் கூப்பிட்டாப் பிறகு எழும்பினால் காணும்."

"என்ன மாதிரி அக்கா? என்ன கேட்டவை?"

"சும்மா. பேர், ஊர். போம் ஆர் நிரப்பினதெண்டு கேட்டால் உன்ரையை நீ நிரப்பினதெண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதையாதை."

அவருடைய கை என் தோளில் இருந்தது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கீழிருந்து பார்த்ததால் முகமும் சரியாகத் தெரியவில்லை. என் பெயரைக் கூப்பிடும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தாதிமாருக்குப் பொறுப்பான ஒரு மேற்றன். அவருக்கு முன்னால் இரண்டு விண்ணப்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் என் கையெழுத்து, ஒரே நீல மை. மேற்றன் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார்.

"இது ஆர் நிரப்பினது?"

"நான்தான், மேற்றன்."

"இப்ப வந்திட்டுப் போன பிள்ளையும் தன்ரையைத் தான்தான் நிரப்பினதெண்டு சொன்னவ. எழுத்து முடிச்ச பிள்ளை. தெரியாமல் எழுதிப்போட்டாவாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன், சொல்லத்தான் திறந்தேன். மேற்றன் அக்காவின் விண்ணப்பத்தை எடுத்துக் கட்டின் அடியில் வைத்துவிட்டு, "சுவரோடை நில்லும், உயரம் பாப்பம்" என்றார். எழும்பிப் போய்ச் சுவரோடு நின்றேன். நாலடி பத்து. ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போதும் அவர்தான் மிதித்தார். இனி நீ குறைந்தாலும் பரவாயில்லை, நீ மிதி என்று ஒரு பகிடியாவது விடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. எங்கள் வீட்டில் சேலையை மாற்றிக்கொண்டு நீர்வேலி வந்ததும் ஐயாவிடம், "சோதினை மறுமொழி வந்திட்டுது ஐயா. நான் சரிவரேல்லை. சறோ பாஸ்" என்றார். "உனக்கு வாழையடிதான் எண்டு நான் அப்பவே சொன்னன்" என்றார் ஐயா. அவ்வளவுதான். அடுத்தநாள் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சேற்றுக்குள் நின்று படித்தால் மண்டையில் என்ன ஏறும் என்று சிரித்தார்கள். நேர்முகம்வரை போனதைச் சொன்னால் ஏன் தள்ளினார்கள் என்று கேட்பார்கள். கேட்டால் விண்ணப்பம் வரும். விண்ணப்பம் வந்தால் அதில் என் கையெழுத்து. அந்தக் கணக்கை அவர் விறாந்தையிலேயே போட்டு முடித்திருந்தார்.

பயிற்சி முடிந்த நாளில் அந்த மேற்றனே எனக்கு மீதியைச் சொன்னார். தெரிவானவர்கள் தமக்கு மணமாகவில்லை என்று கையெழுத்து வைக்கும் உறுதிமொழித் தாளை நீட்டியபோது அக்கா அதை முதல் வரியிலிருந்து வாசித்தாராம். வாசித்துவிட்டு, "மேற்றன், எனக்கு எழுத்து முடிஞ்சுது. தாலி கட்டேல்லை. நான் இதிலை கையெழுத்து வைக்கலாமோ?" என்று கேட்டாராம். "கேளாமல் வைச்சிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. அவவின்ரை புள்ளி உம்மடையிலும் பாக்கக் கூட" என்றார் மேற்றன். வாசிக்காமல் ஒருதரம் கையெழுத்து வைத்தவர், பிறகு எதிலும் அப்படி வைக்கவில்லை. நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த மூன்று வருடமும் மாதம் ஒருமுறை விடுதிக்கு வருவார். இதரைப் பழம் ஒரு சீப்பு, என்னுடைய குறிப்புக் கொப்பியைத் திறக்கச் சொல்லி ஒரு மணித்தியாலம். "இந்த மாதம் என்ன படிச்சனீ? கேள்வி கேள்" என்பார். புண்ணுக்கு மருந்து கட்டுவது, காய்ச்சலுக்கு ஒத்தடம் கொடுப்பது, பிள்ளைத்தாய்ச்சிக்கு எது ஆபத்தான அடையாளம், எல்லாம் என்னோடு கூடவே படித்தார். ஊரில் கிடையில் கிடந்தவர்களைப் புரட்டியதும் குளிப்பாட்டியதும் அவர்தான். அவரைக் கூப்பிட்டு வேலை வாங்கியவர்களே, போன பிறகு, "பாவம், சோதினையிலைதான் சறுக்கிப்போட்டா" என்பார்கள். நான் ஒருதரம் நேரே கேட்டிருக்கிறேன். கேட்டும் பேசாமல் தேநீர் குடித்தேன்.

ஒருநாள் விடுதிப் பார்வையாளர் அறையில் என் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். நான் தண்ணீர் எடுத்து வரும்போது அதைத் தலையில் வைத்துக்கொண்டு யன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் எடுக்கவில்லை.

"வடிவா இருக்கோ?"

"வடிவா இருக்கு, அக்கா."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்து, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "தலை கலைஞ்சு போச்சு" என்று மயிரைக் கோதினார். எனக்குத் தெரிந்து அவர் அழுததில்லை. அன்று கதைப்பதை நிறுத்திப் பழத்தை உரித்து எனக்கு ஒன்று தந்தார், தான் ஒன்று சாப்பிட்டார்.

வெளிநாட்டுக் கடிதங்கள் முதலில் மாதத்துக்கு ஒன்று வந்தன. பிறகு வருடத்துக்கு இரண்டு. பிறகு நின்றுவிட்டன. மாப்பிள்ளை அங்கே வேறு குடும்பமாக இருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். எழுத்தை ரத்துச் செய்ய அக்கா கேட்டபோது ஊர் சிரிக்கும் என்றார் ஐயா. செய்தாலும் வயதெல்லை தாண்டிவிட்டது. அரசாங்கத்துக்கு அவர் மணமானவர், ஊருக்குக் குமர். தாலியும் வரவில்லை, தொப்பியும் வரவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் சண்டை சற்று ஓய்ந்திருந்த நாட்களில் கொழும்புத்துறைக் கடற்கரைக்கு இருவரும் சைக்கிளில் போனோம். ஒரே மூச்சில் சொல்லிவிடவேண்டும் என்று வழிநெடுக மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மீன் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, "அக்கா, அண்டைக்கு அந்த இன்ரவியூவிலை..." என்று தொடங்கினேன்.

"உனக்கு இண்டைக்கு எத்தினை மணிக்கு டியூட்டி?" என்று கேட்டார்.

"ரெண்டு மணிக்கு."

"அப்ப வெளிக்கிடுவம். பிந்தினால் ஏச்சு விழும்."

எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். என்னை மன்னிப்புக் கேட்க விடாததுதான் அவருடைய பிடிவாதங்களில் பெரியது. இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

செத்தவீட்டில் பெண்கள் அவரைக் குளிப்பாட்டிய பிறகு ஒரு கேள்வி வந்தது. எழுத்து முடிந்தவருக்குக் கூறைச்சேலை உடுத்துவதா, குமருக்கு உடுத்துவதுபோல உடுத்துவதா? ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். உயிரோடு இருந்தபோது மறுமொழி சொல்லாத கேள்வியைப் பிணத்தின் தலைமாட்டில் நின்று கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்த வெளிர்நீல வொயில் சேலை, அன்றைக்கு மடித்த மடிப்போடு. மடிப்புக்குள் நேர்முகத்துக்கு அழைத்த கடிதம். "பரீட்சையில் தகுதி பெற்றுள்ளீர்" என்று அச்சில் இருந்தது.

சேலையைப் பெண்களிடம் கொடுத்து, இதை உடுத்துங்கோ என்றேன். கடிதத்தைக் கொண்டுபோய் முற்றத்தில் இருந்த தம்பிப்பிள்ளை ஐயாவின் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, மேலே எழுதியதையெல்லாம் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து சொன்னேன். என்னை ஏசுவார், படலையைத் திறந்து போகச் சொல்லுவார் என்று எண்ணினேன். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, அவள் தண்ணி மாறேக்கை மறுமொழி சொல்லுறதை நான் கிணத்தடியிலை நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். கடைசி மாதம் ஒண்டும் பிழைவிடேல்லை. பிறகு எப்பிடிச் சோதினை பிழைச்சதெண்டு ஆறு வருசமா யோசிச்சன். அவளைக் கேக்கேல்லை." கடிதத்தை மடித்தார். பிறகு, "உதை அப்பிடியே எழுதித் தாங்கோ. மலரிலை போடுவம். ஊர் வாசிக்கட்டும்" என்றார்.

எழுதியிருக்கிறேன், ஐயா.

பிரேதத்தைத் தூக்கமுன் நான் ஒருமுறை உள்ளே போனேன். நீலச் சேலையில் நேராக, அசையாமல் படுத்திருந்தார். தலைமாட்டில் நான் நின்றேன். அன்றைக்கு நான் படுத்திருந்தேன், அவர் நின்றார். தோளில் கையை வைத்தேன். பெண்கள் படலையோடு நிற்க வேண்டும், நானும் நின்றேன். வாழைகளுக்கு நடுவே ஒழுங்கையால் கொண்டுபோனார்கள்.

அக்கா, பேர் கூப்பிடும்வரை எழும்பவேண்டாம் என்று எனக்குச் சொன்னீர்கள். நான் கேட்டு நடந்தேன். இன்றைக்கு இந்த மலரில், நீங்கள் தண்ணீர் மாறிய வாழையடியும் சந்தையும் ஊரும் கேட்க, உங்கள் பேரைக் கூப்பிடுகிறேன்.

தம்பிப்பிள்ளை யோகமலர். எழும்புங்கோ அக்கா.